வயது எதையும் விளக்குவதில்லை

மனித வளர்ச்சித் துறையில் ஆராய்ச்சிப் படிப்பு படித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் பலரும் ஒரே மாதிரியான கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். குழந்தை எத்தனை மாதத்தில் நடக்க வேண்டும்? இரண்டு வயதில் எத்தனை சொற்கள் பேச வேண்டும்? பதினான்கு வயதுப் பையன் எதற்கெடுத்தாலும் ஏன் எரிந்து விழுகிறான்? எழுபது வயதில் மறதி வருவது சகஜம்தானே? எல்லோருக்கும் வேண்டியது ஒரு எண். அதைச் சொல்லிவிட்டால் நிம்மதியாகப் போவார்கள்.

என்னால் அந்த எண்ணை முன்புபோல் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. காரணம் இந்தப் படிப்பு. "அந்த வயசு அப்படித்தான்" என்ற வாக்கியம் கேட்பதற்குப் பதில்போல இருக்கும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. வயது என்பது பிறந்த நாளிலிருந்து கடந்துபோன காலத்தின் அளவு, அவ்வளவுதான். அந்தக் காலத்துக்குள் உடலில் என்ன நடந்தது, வீட்டில் என்ன நடந்தது, எந்தப் பழக்கம் எத்தனை முறை திரும்பத் திரும்ப நடந்தது என்பதுதான் விளக்கம். முதுநிலைப் படிப்பிலும் பிறகு முனைவர் பட்ட ஆய்விலும் நான் கற்ற மற்றதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான் என்று தோன்றுகிறது. இந்தத் துறையில் ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்திலிருந்து தொடங்கலாம். பிறந்து சில நாளே ஆன குழந்தையை அக்குளில் தாங்கி, பாதம் தரையில் படும்படி நிமிர்த்திப் பிடித்தால், அது காலை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும். பார்க்க நடப்பது போலவே இருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இது நின்றுவிடும். பிறகு முதல் வயதின் பிற்பகுதியில்தான் மறுபடி வரும். ஏன் இடையில் நிற்கிறது? மூளையின் மேற்பட்டை முதிர்ந்து அந்த அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்பதுதான் நெடுநாள் சொல்லப்பட்ட விளக்கம். வயது கூடுகிறது, மூளை முதிர்கிறது, அனிச்சை மறைகிறது. கச்சிதமான கதை.

எஸ்தர் தெலன் இந்தக் கதையை நம்பவில்லை. அவர் விலங்கியலிலிருந்து வந்தவர். பூச்சிகளின் உடலசைவுகளை நுணுக்கமாகப் பார்த்துப் பழகியவர். அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். நிமிர்த்திப் பிடித்தால் காலை எடுத்து வைக்காத அதே குழந்தை, மல்லாக்கப் படுக்க வைத்தால் ஓயாமல் உதைக்கிறது. அந்த உதையின் அசைவை அளந்து பார்த்தால், பிறந்த குழந்தை அடியெடுத்து வைக்கும் அசைவோடு பெரிதும் ஒத்துப்போகிறது. மூளை அடக்கியிருந்தால் படுத்திருக்கும்போதும் அடங்கியிருக்க வேண்டுமே?

அப்புறம்தான் காலைப் பார்த்தார்கள். முதல் சில வாரங்களில் குழந்தையின் கால் மளமளவென்று சதை போடுகிறது. சேர்வதில் பெரும்பகுதி கொழுப்பு. தசையின் வலு அதே வேகத்தில் கூடுவதில்லை. நிமிர்ந்த நிலையில் அந்தக் கனத்த காலைத் தூக்க வலு போதவில்லை என்றால்? 1984-ல் வெளியான ஆய்வில் இதைச் சோதித்தார்கள். குழந்தையின் காலில் சிறிய எடையைக் கட்டியபோது அடிகள் குறைந்தன. உடம்பைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தபோது அடிகள் கூடின. தண்ணீர் கொஞ்சம் எடையைத் தாங்கிக்கொண்டதும், "மறைந்துபோன" அசைவு திரும்பி வந்துவிட்டது.

முதன்முதலில் இதைப் படித்தபோது எழுந்து நடக்க வேண்டும்போல் இருந்தது. நான் அதுவரை பார்த்த அட்டவணைகளில் எல்லாம் "இரண்டாம் மாதம்" என்ற ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் கொழுப்பு, தசை வலு, உடலின் நிலை, புவியீர்ப்பு எல்லாம் இருந்திருக்கின்றன. யாரோ ஒருவர் தண்ணீர்த் தொட்டி வைத்துப் பார்க்கிறவரை வயது என்ற ஒற்றைச் சொல் அத்தனையையும் மூடி வைத்திருந்தது.

இதே கண்ணோடு பார்த்தால் வளர்ச்சி அட்டவணைகள் வேறு மாதிரி தெரியும். கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே சார்லஸ் சூப்பர் 1970-களில் ஆய்வு செய்தார். அங்கே பெற்றோர் குழந்தைக்கு உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பயிற்சி தருவார்கள். அந்தக் குழந்தைகள் உட்கார்ந்ததும் நடந்ததும் அமெரிக்கக் குழந்தைகளைவிட முன்னதாக. பயிற்சி தராத தவழ்தலில் அப்படி முந்தவில்லை. பொதுவாகவே வேகமாக வளரும் குழந்தைகள் என்றால் எல்லாவற்றிலும் அல்லவா முந்தியிருக்க வேண்டும்? அமெரிக்காவில் 1990-களில் திடீர் மரண அபாயத்தைக் குறைக்க, குழந்தைகளை மல்லாக்கத் தூங்க வைக்கும்படி பிரசாரம் நடந்தது. அப்படித் தூங்கிய குழந்தைகள் புரள்வதும் தவழ்வதும் சற்றுத் தாமதமாயின. நடக்கும் வயதில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்காகக் குப்புறப் போட்டுத் தூங்க வைத்துவிடாதீர்கள், மல்லாக்கத் தூங்குவதுதான் பாதுகாப்பு. நான் சொல்ல வருவது, அட்டவணையில் இருக்கும் எண் ஒரு காலத்தின், ஒரு வகை வளர்ப்பின் எண் என்பதை.

சரி, வயது காரணம் இல்லையென்றால் அதை வைத்து எப்படி ஆய்வு செய்வது? ஆய்வு மாணவருக்கு இங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஆராய எடுத்துக்கொண்ட விஷயம் பத்து, இருபது, அறுபது வருடங்களில் விரிவது. கையில் இருப்பதோ முதுநிலைக்கு இரண்டு வருடம், முனைவர் பட்டத்துக்கு நான்கு முதல் ஆறு வருடம்.

எளிய வழி, வெவ்வேறு வயதினரை ஒரே சமயத்தில் அளந்து ஒப்பிடுவது. இருபது வயதினர், நாற்பது வயதினர், எழுபது வயதினர் என்று மூன்று குழுவை எடுத்து ஒரே தேர்வைக் கொடுத்தால் ஒரு மாதத்தில் வேலை முடிந்துவிடும். பிரச்சினை என்னவென்றால், அந்த மூன்று குழுவும் வயதில் மட்டும் வேறுபடவில்லை. வேறு காலத்தில் பிறந்தவர்கள், வேறு பள்ளிக்கூடம் பார்த்தவர்கள், சிறு வயதில் வேறு நோய்களைச் சந்தித்தவர்கள். வார்னர் ஷாய் 1956-ல் சியாட்டிலில் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக இருபதுகளிலிருந்து அறுபதுகள் வரையிலான வயதினரின் அறிவுத்திறனை அளந்தார். அதோடு நிறுத்தவில்லை. ஏழு வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களிடம் திரும்பப் போனார். ஒவ்வொரு முறையும் புதியவர்களையும் சேர்த்துக்கொண்டார். குழுக்களை ஒப்பிட்டபோது அறிவுத்திறன் சீக்கிரமே சரிவதுபோலத் தெரிந்தது. அதே மனிதர்களைத் தொடர்ந்து பார்த்தபோது பெரும்பாலான திறன்களில் அறுபது வயதுக்கு முன் பெரிய சரிவு இல்லை. முதுமையின் தேய்மானம் என்று நினைத்ததில் ஒரு பெரிய பங்கு தலைமுறைகளுக்கு இடையிலான வித்தியாசம். ஒரு மாணவரின் ஆய்வேடாகத் தொடங்கியது பல பத்தாண்டுகள் நீண்டது என்பது எனக்கு இன்றும் பெரிய உற்சாகம் தருகிற விஷயம்.

ஆனால் எல்லோரும் ஷாய் ஆக வேண்டியதில்லை. வேறொருவர் தொடங்கியதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். க்ளென் எல்டர் 1960-களில் பெர்க்லிக்கு வந்தபோது அங்கே ஓக்லாண்ட், பெர்க்லி என்ற இரண்டு ஊர்களில் 1920-களில் பிறந்த குழந்தைகளைப் பற்றிய கோப்புகள் ஏற்கெனவே குவிந்திருந்தன. வேறு கேள்விகளுக்காகச் சேகரித்தவை. அவற்றைப் பிரித்துப் படித்து, 1930-களின் பொருளாதாரப் பெருமந்தம் அந்தக் குடும்பங்களுக்கு என்ன செய்தது என்று பார்த்தார். மந்தம் அடித்தபோது பதின்ம வயதை நெருங்கியிருந்த ஓக்லாண்ட் குழந்தைகள் வீட்டுப் பொறுப்பில் தோள் கொடுத்தார்கள். பின்னாளில் ஓரளவு நன்றாகவே நிமிர்ந்தார்கள். அப்போது மிகச் சிறியவர்களாக இருந்த பெர்க்லி குழந்தைகளில், குறிப்பாகப் பையன்களில், பாதிப்பு ஆழமாக இருந்தது. ஒரே நெருக்கடி, ஏழெட்டு வருட வயது வித்தியாசம், இரண்டு வேறு விளைவு. இங்கே வயது முக்கியமாகிறது, ஆனால் நெருக்கடி வாழ்க்கையின் எந்த இடத்தில் வந்து மோதியது என்பதைச் சொல்லும் அடையாளமாக. பெரியவன் வெளியே போய் நாலு காசு சம்பாதிக்க முடிந்தது. சின்னவன் வேலையிழந்த அப்பாவின் கோபத்தோடு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியிருந்தது.

ஆகவே சொந்தமாக டேட்டா சேகரித்தால்தான் ஆய்வு என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள். பல நீண்டகால ஆய்வுகள் அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் டேட்டாவைத் தருகின்றன. இருபது வருடத் தொடர்ச்சி உள்ள அளவீடுகளை வைத்து நல்ல கேள்வி கேட்பது, அவசரமாக நூறு பேரிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்குவதைவிடக் கடினமான வேலை, பயனுள்ள வேலையும்கூட.

அதே சமயம், முதல் வருடத்திலேயே எப்படியாவது மூல டேட்டா சேகரிக்கும் ஒரு லேபில் உட்கார்ந்து விடுங்கள் என்றும் சொல்வேன். எனக்கு அது வீடியோ கோடிங், அதாவது வீடியோவில் தெரியும் செயல்களை விதிப்படி ஒவ்வொன்றாகக் குறிப்பது. கேட்க உப்புச்சப்பில்லாத வேலை. அம்மாவும் ஒன்பது மாதக் குழந்தையும் ஒரு பாயில் உட்கார்ந்து விளையாடும் வீடியோ. காதில் ஹெட்ஃபோன், கை விசைப்பலகையில், வினாடிக்கு முப்பது ஃப்ரேம். குழந்தையின் பார்வை பொம்மையிலிருந்து அம்மாவின் முகத்துக்கு எப்போது மாறுகிறது என்று குறிக்க வேண்டும். கண்மணி பொம்மையை விட்டு நகரும் ஃப்ரேமா, முகத்தில் போய் நிலைக்கும் ஃப்ரேமா? இடையில் குழந்தை கண் சிமிட்டினால்? அம்மாவின் கூந்தல் கேமராவை மறைத்தால்? எல்லாவற்றுக்கும் கோடிங் கையேட்டில் விதி உண்டு. விதி இல்லாத ஒன்று வந்தால் வாரக் கூட்டத்தில் எல்லோரும் அந்த நாலு வினாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். அந்த முடிவு கையேட்டில் ஏறும். அதற்கு முன் குறித்த வீடியோக்களையும் புது விதிப்படி மறுபடி பார்க்க வேண்டும்.

புதிதாக வருபவர்கள் குறிப்புப் பகுதியில் "குழந்தைக்குச் சலித்துவிட்டது" என்று எழுதுவார்கள். சலிப்பை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது, குழந்தை தலையை இடப்பக்கம் திருப்பியது, கையிலிருந்த வளையம் நழுவியது, மூக்கால் ஒரு ஒலி எழுப்பியது. அதைத்தான் எழுத வேண்டும். இன்னொருவரும் அதே வீடியோவைத் தனியாக, உங்கள் குறிப்பைப் பார்க்காமல் கோடிங் செய்வார். இரண்டையும் ஒப்பிட்டு, தற்செயலாகப் பொருந்தியதைக் கழித்துவிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடுவார்கள். கோஹன் கப்பா என்று அந்த எண்ணுக்குப் பெயர். எந்தக் குழந்தை எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று கோடிங் செய்பவருக்குச் சொல்லவும் மாட்டார்கள். தெரிந்தால் கண் தானாகவே எதிர்பார்த்ததைத் தேடும். இந்தப் பயிற்சிக்கு இணையான வேறொன்றை எந்த வகுப்பறையிலும் நான் பார்க்கவில்லை. கண்டது எது, நானாக நினைத்துக்கொண்டது எது என்று பிரிக்கும் பழக்கம் வந்துவிட்டால், பிறகு ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்கும் விதமே மாறிவிடுகிறது.

தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்த மேரி ஐன்ஸ்வொர்த் என்றதும் துறையில் எல்லோருக்கும் நினைவு வருவது, அம்மா அறையை விட்டு வெளியே போய்த் திரும்பி வரும் அந்த இருபது நிமிடச் சோதனை. பாடப்புத்தகங்களில் அதற்குத்தான் பெட்டிச் செய்தி. ஆனால் அவரும் குழுவினரும் பால்டிமோரில் 26 குடும்பங்களின் வீடுகளுக்கு, குழந்தையின் முதல் வருடம் முழுக்க, சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துக் குறித்திருக்கிறார்கள். ஒரு குழந்தைக்குச் சுமார் 72 மணி நேரம். அந்த இருபது நிமிடத்துக்குப் பொருள் கொடுத்தது இந்த 72 மணி நேரம்தான். யூரி ப்ரான்ஃபென்ப்ரென்னர் 1977-ல் தன் துறையைப் பற்றியே கடுமையாக ஒன்று சொன்னார்: விசித்திரமான சூழலில், முன்பின் தெரியாத பெரியவர்களோடு, மிகக் குறைந்த நேரத்துக்கு, குழந்தைகள் விசித்திரமாக நடந்துகொள்வதைப் பற்றிய அறிவியலாக இது ஆகிவிட்டது என்று. நம் ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தை எழுதும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பதாக நினைத்துக்கொள்வது நல்லது.

அளவீடு பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில் மாணவர்கள் பலர் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். மூன்று வயதுக் குழந்தையின் ஆவேசம் கடிப்பதிலும் பிடுங்குவதிலும் தெரியும். பதின்மூன்று வயதில் அதே ஆவேசம் ஒருத்தியைப் பற்றி வதந்தி கிளப்புவதாக வரலாம். மூன்று வயதிலும் பதின்மூன்று வயதிலும் "கடிப்பது எத்தனை முறை" என்றே கேட்டால் ஆவேசம் குறைந்துவிட்டது என்று முடிவு வரும். வயதுக்கேற்பக் கேள்வியை மாற்றினாலோ, இரண்டு மதிப்பெண்ணும் ஒரே பண்பைத்தான் அளக்கின்றன என்று எப்படி நம்புவது? இதைச் சோதிக்கப் புள்ளியியலில் முறைகள் இருக்கின்றன. ஆனால் எந்த மென்பொருளும் முதலில் யோசித்துத் தராது. அந்தப் பண்பு அந்த வயதில் என்ன உருவம் எடுக்கும் என்பதைக் குழந்தைகளோடு பழகியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

புள்ளியியல் என்றதும் பயந்து இந்தத் துறைக்கு வருபவர்கள் உண்டு, இங்கே கதை கேட்டுக் கதை எழுதினால் போதும் என்று. நேர்காணல் வழி ஆய்வுகளுக்கு நல்ல இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மாற்றத்தை அளக்க வேண்டுமென்றால் ஒருவருக்குள் நடக்கும் மாற்றத்தையும் இருவருக்கு இடையிலான வித்தியாசத்தையும் பிரித்தாக வேண்டும். தட்டச்சு உதாரணத்தை வகுப்புகளில் அடிக்கடி சொல்வார்கள். பலரை ஒப்பிட்டால், வேகமாகத் தட்டச்சு செய்பவர்கள் குறைவாகப் பிழை செய்வார்கள், ஏனென்றால் அவர்கள் தேர்ந்தவர்கள். அதே ஒருவர் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் பிழை கூடும். இரண்டும் உண்மை, இரண்டும் எதிர்த்திசை. "தூக்கம் குறைந்த இளைஞர்கள் மனச்சோர்வாக இருக்கிறார்கள்" என்ற ஒப்பீட்டிலிருந்து, இந்த ஒரு பையனின் தூக்கத்தைக் கூட்டினால் சோர்வு குறையும் என்று தாவ முடியாது. அதற்கு அவனையே நாள்தோறும் பார்த்த டேட்டா வேண்டும். பன்மட்ட மாதிரிகள், வளர்ச்சிக்கோட்டு மாதிரிகள் என்ற புள்ளியியல் முறைகள் இதற்காகத்தான் கற்றுத்தரப்படுகின்றன. முதல் பருவத்திலேயே எடுத்துவிடுங்கள். கடைசி வருடத்தில் டேட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு கற்பது பெரிய வேதனை.

எங்கே படிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்றுதான் உண்டு. துறையின் பெயரைப் பார்க்காதீர்கள். சில இடங்களில் இது உளவியலோடு இருக்கும், சில இடங்களில் கல்வியியலோடு, சில இடங்களில் குடும்ப ஆய்வுகளோடு. ஆய்வேடு எழுத வேண்டிய பிரிவா, களப்பணிப் பிரிவா என்று பாருங்கள். பிறகு உங்கள் கைடாக வரக்கூடியவரின் சமீபத்திய கட்டுரைகளில் முடிவுரையை விட்டுவிட்டு, முறையியல் பகுதியை மட்டும் படியுங்கள். அடுத்த சில வருடம் உங்கள் அன்றாடம் அதுதான். அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் தலைப்பு எவ்வளவு பிடித்தாலும் நாள் தள்ளுவது கஷ்டம். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். டேட்டா யாருடையது, கட்டுரையில் பெயர் வரிசையை எப்படி முடிவு செய்வார்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது என்று கேளுங்கள். குழந்தைகள் பங்கேற்கும் ஆய்வுக்கு அந்த அனுமதி பெரியவர்கள் ஆய்வைவிட மெதுவாகத்தான் வரும், வரவும் வேண்டும்.

பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் குழந்தையைச் சோதிக்க உரிமை வந்துவிடாது. சொல்லிப் புரியும் வயது என்றால் குழந்தையும் தன் வாயால் சரி என்று சொல்ல வேண்டும், எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். கைக்குழந்தை என்றால் அழுகைதான் அதன் மறுப்பு. எவ்வளவு நேரம் அழுதால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். ஒருமுறை நாலு வயதுச் சிறுமி ஒருத்தி சோதனையின் நடுவில் அட்டைகளை அழகாக அடுக்கி என் பக்கம் தள்ளிவைத்து, "போதும், நீங்க விளையாடுங்க" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள். அம்மாவுக்குச் சங்கடம், "இன்னும் கொஞ்சம்தான், முடிச்சுடு கண்ணு" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி, அவளுக்கு உரிய பரிசைக் கொடுத்து அனுப்பினேன். விதிப்படி சரியான செயல், மனதுக்கும் சரியான செயல்.

டேட்டாவில் மட்டும் அது ஒரு வெற்றுக் கட்டம். இப்படி விலகும் குழந்தைகள் குலுக்கல் முறையில் விலகுவதில்லை. களைத்தவர்கள், கூச்சப்படுபவர்கள், நம் சோதனை யாருக்குப் பொருந்தவில்லையோ அவர்கள். அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால், மிஞ்சுவது பொறுமையாக உட்காரும் குழந்தைகளின் வளர்ச்சி மட்டுமே. நியூசிலாந்தின் டுனேடின் ஆய்வு 1972-73-ல் பிறந்த 1,037 பேரோடு தொடங்கியது. 45-வது வயதில் உயிரோடு இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்திருந்தார்கள். உலகத்தின் எந்த மூலைக்குக் குடிபெயர்ந்திருந்தாலும் ஆய்வுக் குழுவே செலவு செய்து வரவழைக்கிறது. ஒரு மாணவரின் பட்ஜெட்டில் அது நடக்காது. ஆனால் விலகியவர்கள் எத்தனை பேர், எந்த வயது, எந்தப் பணியில் நிறுத்தினார்கள், காலையா, தூக்கம் வரும் பிற்பகலா, தொடர்ந்தவர்களிடமிருந்து எதில் வேறுபட்டார்கள் என்று ஆய்வேட்டில் ஒரு முழுப் பக்கம் எழுத முடியும். வாய்மொழித் தேர்வில் யாரும் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை எழுதுங்கள். உங்களுக்குப் பின் அதே சோதனையை எடுத்துக்கொண்டு வரும் மாணவர் முதலில் தேடப் போவது அதைத்தான்.